அக்கரைக்கு வழி உண்டா?
வாவிக்கரைச் சாரதிகளும் வழிச்செய்தி கூறும் சிறு வானொலியும்

மட்டக்களப்பு நாட்டை இரண்டாகப் பகுத்து நிற்பது ஒரு வாவி. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழகுறப் பெயரிட்டனர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியின் கீழ்க்கரையில் சந்தைகளும் பெரிய வைத்தியசாலைகளும் கல்லூரிகளும் நிறைந்துள்ளன. மேற்கரையில் நெல் விளைகின்றது. ஆதலின் இரு கரையாரும் ஒருவரையொருவர் நாடாது ஒரு நாளேனும் வாழ்தல் அரிது.

நாடிச் செல்வதற்கோ வழிகள் சிலவே. வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நகரையும் தென்திசைக் கரையையும் இணைக்கும் கல்லடிப் பாலம் வேறு. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டதே 2014ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் அங்கே 'பாதை'யே துணை. பாதை என்றால் பிற ஊரார் தெரு என்று கொள்வர். வாவிக்கரையிலோ அது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையின் பெயர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் மக்கள் வாழ்வு இப்பாதையோடு பின்னிக் கிடந்தது.

இத்தகைய நாட்டிலே ஒரு பாலமோ ஒரு துறையோ தடைப்பட்டால், அருகிலுள்ள மற்றொரு தெருவில் திரும்பிச் செல்ல இயலாது. பல மைல் சுற்றியே செல்லவேண்டும். சுற்றிச் சென்ற பின்னர் அந்த வழியும் அடைபட்டிருக்கக் கண்டால், வந்த வழியே மீளவேண்டும். வண்டியில் இருப்பது நெல் மூடையாயின் நட்டம் பணத்தோடு போகும். பிரசவ வேதனைப்படும் பெண்ணாயின்? பாம்பு தீண்டிய பிள்ளையாயின்? "அக்கரைக்கு வழி உண்டா?" என்ற வினாவுக்கு உரிய வேளையில் விடை கிடைப்பது இங்கே உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். அவ்விடையைக் குறைந்த செலவில் ஒவ்வொரு சாரதியின் காதிலும் சேர்ப்பது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மாரி காலத்தில்

கார்த்திகை பிறந்தால் வாவிக்கரையின் தோற்றமே மாறிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்கள் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்படும். திறந்த நீர் படுவான்கரை வீதிகளைக் குறுக்கறுத்து வாவியை நோக்கிப் பாயும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் வாவி வீங்கித் தாழ்ந்த ஊர்களுக்குள் புகும். அதனை வெட்டிவிட்ட பின்னரே நீர் கடலில் வடியும். வடக்கே கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி நீரில் மூழ்குவதும், அங்கே மக்களைப் படகில் ஏற்றிச் செல்வதும் மாரிதோறும் நிகழ்வன. 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம் என்பவை இந்நாட்டார் நினைவினின்றும் நீங்காதவை.

வாவிக்குத் தெற்கே, அம்பாறை மாவட்டத்தில், காரைதீவுக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில் 2024 நவம்பர் 26ஆந் தேதி நிகழ்ந்த துயரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் ஒன்று வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்தில் அகப்பட்டது. வீட்டுக்கு மீள வேண்டிய பிள்ளைகள் பலர் மீளவில்லை. அந்நிகழ்ச்சியின் காரணங்களை ஆராய்தல் நம் நோக்கமன்று. எனினும் அதனை நினைக்குந்தோறும் ஒரு வினா எழாமற் போகாது. வெள்ளத்தினூடே புறப்படும் ஒரு சாரதிக்கு, தாம் செல்லவிருக்கும் மதகில் இந்த வேளையில் நீர் எத்தனை அடி ஓடுகின்றது என்பதைச் சொல்வார் யார்?

நீரின் வலியைக் கண்ணால் அளக்க முடியாது. விரைந்தோடும் நீர் அரை அடி உயரத்திலேயே வளர்ந்த மனிதரைத் தள்ளி வீழ்த்தவல்லது. ஓரடி நீர் சிறு மோட்டார் வண்டியை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். இதனை வெள்ள அனுபவமுள்ள நாடுகள் பல தம் சாரதிகளுக்குப் போதிக்கின்றன. ஆனால் மதகின் முன் வந்து நின்றபின் அறிவதிலும், இரண்டு மைலுக்கு முன்னரே அறிவது நன்று. வந்துவிட்டோமே என்ற எண்ணம் மனிதனை முன்னே தள்ளும் இயல்புடையது.

காதுக்கு வரும் செய்தி

வண்டியோட்டுவோனுடைய கண் வீதியில் இருக்க வேண்டும். கை சுக்கானில் இருக்க வேண்டும். எஞ்சியிருப்பது காது ஒன்றே. அக்காதுக்குச் செய்தி கொண்டுசெல்வதில் வானொலிக்கு நிகரானது வேறில்லை. பஸ்ஸிலும் லொறியிலும் முச்சக்கர வண்டியிலும் அது ஏற்கனவே பாடிக்கொண்டிருக்கின்றது. கேட்பவர் பத்துப்பேராயினும் பத்தாயிரம் பேராயினும் ஒலிபரப்புவோனுக்குச் செலவு ஒன்றே. கேட்பவனுக்கோ செலவே இல்லை.

இவ்வளவு வானொலிகள் இருக்க, வழிச்செய்திக்கு வேறு ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். நாடு முழுவதற்கும் பேசும் நிலையம் ஒரு மதகின் நிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூற இயலாது. கூறினால் யாழ்ப்பாணத்தில் உள்ளவரும் கண்டியில் உள்ளவரும் சலிப்புற்று வேறு நிலையத்தை நாடுவர். ஆகவே அது, "கிழக்கில் பல வீதிகள் நீரில் மூழ்கியுள்ளன; சாரதிகள் அவதானமாகச் செல்லவும்" என்று பொதுவிற் கூறி அமையும். அது பொய்யன்று, ஆயினும் எந்தச் சாரதிக்கும் வழி காட்டுவதன்று. வழிச்செய்தி சிறு வட்டத்துக்குள் சொல்லப்படும்போதே பயன் தரும். அதற்குச் சிறு வானொலியே ஏற்றது.

பிற நாட்டார் கண்ட வழி

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், லொயிட் சிக்மன் என்னும் வானொலி நிலைய அதிகாரி 1955ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தார். பொலிஸ் தலைமையகத்திலிருந்து ஒரு குறித்த தொனி புறப்படும். வானொலி நிலையங்களில் உள்ள கருவி அத்தொனியைக் கேட்டதும் தானாகவே இயங்கி, தொடர்ந்து வரும் செய்தியை நாடாவில் பதிவு செய்துகொள்ளும். அறிவிப்பாளர் அதனை உடனே ஒலிபரப்புவார். ஒரு நிலையத்துக்கு மட்டுமன்றி நகரத்து நிலையங்கள் பலவற்றுக்கும் இது பொதுவாய் இருந்தது. அவர் பெயரைக் கொண்டே 'சிக்அலேர்ட்' என்ற சொல் அந்நாட்டில் வழக்காயிற்று.

ஜெர்மனியில் 1974ஆம் ஆண்டில் மற்றொரு முறை தோன்றியது. வழிச்செய்தி கூறும் நிலையங்கள் தம் ஒலிபரப்போடு, காதுக்குக் கேளாத 57 கிலோஹேர்ட்ஸ் குறிப்பலை ஒன்றையும் சேர்த்து அனுப்பின. செய்தி தொடங்கும்போது அவ்வலையில் ஒரு சைகை உண்டாகும். மோட்டார் வண்டியிலுள்ள வானொலிப் பெட்டி அதனை உணர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒலிநாடாவை நிறுத்திச் செய்தியை உரக்கக் கூறும். செய்தி முடிந்ததும் பாட்டுக்கே திரும்பிவிடும். இதன் வளர்ச்சியாகவே 1984ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் வானொலித் தரவு முறையை வகுத்தது. இன்று மோட்டார் வண்டி வானொலிகள் பலவற்றில் காணப்படும் போக்குவரத்துச் செய்திப் பொத்தான் இதன் வழி வந்ததே.

நமக்கு இன்னும் அண்மையான முன்மாதிரி வேறொன்று. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1977ஆம் ஆண்டில் பிரயாணிகளுக்கெனச் சிறு நிலையங்களை அனுமதித்தது. அவற்றின் வலு 10 வாட் மட்டுமே. பாட்டும் விளம்பரமும் அங்கே கூடா. பாலம், விமான நிலையம், மலைப்பாதை ஆகியவற்றின் அருகே இவை அமைந்தன. இன்ன அலைவரிசைக்குத் திருப்புக என்று வீதியோரப் பலகை கூறும். ஜப்பானியரோ இதனை மேலும் சுருக்கினர். பெருவீதியின் ஓரமாக ஒலியலையைக் கசியவிடும் கம்பியை இட்டு, 1620 கிலோஹேர்ட்ஸில் பேசினர். அந்த வீதித் துண்டில் செல்வோருக்கு மட்டுமே அது கேட்கும். யாருக்குத் தேவையோ அவருக்கு, தேவையான இடத்தில் மட்டும் பேசுதல் என்பதே இம்முறைகளின் தத்துவம்.

நம் அயலில்

செலவு குறைந்த வானொலி நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார். 1925 டிசம்பர் 16ஆந் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இலங்கை வானொலி பழைய உறுப்புக்களிலிருந்து பிறந்ததே என்றால் மிகையாகாது.

1981ஆம் ஆண்டில் மகாவலிக் குடியேற்றங்களில் சமூக வானொலி தொடங்கியது. 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் அங்கே இணையத் தொடர்பு ஏற்பட்டபோது, கிராமத்தார் கேட்ட வினாக்களுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, அதனை வானொலியில் எடுத்துரைத்தனர். ஒருவர் தேடிக் கண்டதை ஊரே கேட்டறிந்தது.

தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டில் இந்தியாவின் முதலாவது கல்விநிலையச் சமூக வானொலியைத் தொடங்கியது. இராமேசுவரத் தீவின் பாம்பனிலே 2016 ஆகஸ்ட் 15ஆந் தேதி 'கடல் ஓசை' என்னும் நிலையம் மீனவர்க்கென எழுந்தது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குச் செல்லலாமா, ஆகாதா என்பவற்றை அது அவர்தம் பேச்சுத் தமிழிலேயே கூறியது. கடலிற் செல்லும் தோணிக்குச் சொல்லக்கூடியதை, கரையிற் செல்லும் லொறிக்கும் சொல்லலாம்.

வாவிக்கு எத்தனை கோபுரம்?

மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு ஒன்று உண்டு. பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. பூமியின் வளைவு அதனை மறைக்கும். கோபுரத்தின் உயரத்தை மீற்றரிற் கண்டு, அதன் வர்க்கமூலத்தை 4ஆற் பெருக்கினால், அலை எட்டக்கூடிய எல்லை கிலோமீற்றரில் கிடைக்கும். கோபுரம் 25 மீற்றர் என்போம். வர்க்கமூலம் 5, நான்கினாற் பெருக்க 20. ஆகவே சுற்றிலும் 20 கிலோமீற்றர்.

இது மேலெல்லை. தென்னையும் கட்டடமும் இடைநின்று தடுக்க, வலுவும் குறைவாயிருக்க, எல்லை சுருங்கும். இந்தியச் சமூக வானொலிகள் 50 வாட் அளவுள்ள ஒலிபரப்பியும் 30 மீற்றர் வரையுள்ள கோபுரமும் கொண்டு 10 முதல் 15 கிலோமீற்றர் வரை எட்டுகின்றன. வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். நிலையம் ஒவ்வொன்றும் இருபுறமும் 10 கிலோமீற்றர் எட்டினாலும், மூன்று கோபுரங்கள் 60 கிலோமீற்றரைத் தழுவும். குறுக்கே மலை இல்லாத நாடாதலின் வாவியின் திறந்த நீர்ப்பரப்பும் நமக்கு அனுகூலமே. 50 வாட் என்பது எவ்வளவு? பழைய 60 வாட் மின்குமிழ் ஒன்று உறிஞ்சியதிலும் குறைவு. அத்தகைய நிலையத்தைச் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் கொண்டே இயக்கலாம். புயலில் மின்கம்பம் சாய்ந்த பின்னரும் அது பேசும்.

அலைவரிசை பொதுச்சொத்தாகையால், எவரும் தாம் நினைத்தவாறு அதில் பேசுதல் ஆகாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அது கிட்டும் வரையில், ஏற்கனவே இயங்கும் தமிழ் நிலையங்கள் காலையும் மாலையும் ஐந்து நிமிடத்தை வாவிக்கரைக்கென ஒதுக்கினாலும் பெரும்பயன் விளையும்.

மலிவானதும் அரியதும்

இனி இம்முயற்சியின் உயிர்நாடிக்கு வருவோம். ஒலிபரப்பி மலிவானது, கோபுரமும் பெருஞ்செலவன்று. அரியது எதுவென்றால், மதகடியில் நின்று பார்க்கும் ஒரு கண்ணும், கண்டதைப் பிழையின்றிச் சொல்லும் ஒரு நாவுமே. நிலையத்தில் இருப்பவனுக்குக் கிரானில் நீர் ஏறியது தெரியாது. பாதை ஓட்டுவோர், பஸ் நடத்துநர், கிராம அலுவலர், குளத்து வான்கதவைத் திறப்போர், மதகின் அருகே கடை வைத்திருப்போர் ஆகியோரே அதனை முதலில் அறிவர். இவர்களுள் இடத்துக்கு ஒருவராகத் தெரிந்து, குறித்த வேளைகளில் நிலையத்துக்குச் சொல்லும் கடமையை ஒப்படைத்தல் வேண்டும். மதகின் சுவரிலே அடிக்கணக்குக் கோடு தீட்டிவிட்டால், "நிறையத் தண்ணீர்" என்று மயங்கக் கூறாமல், "ஓரடி" என்றே கூறலாம். அக்கோடு தீட்ட ஒரு தகரச் சாயமும் ஒரு தூரிகையும் போதும்.

சொல்லும் முறையும் முக்கியமானது. உதாரணமாக ஒன்றைக் காட்டுவோம்: "கிரான் – புலிபாய்ந்தகல் வீதி. காலை ஆறு மணி நிலைமை. வீதியின் மேல் நீர் இரண்டடி. உழவு இயந்திரம் உட்பட எவ்வாகனமும் செல்லல் ஆகாது. படகு ஓடுகின்றது. அடுத்த செய்தி ஆறரை மணிக்கு." இடம், நேரம், அளவு, யார் செல்லலாகாது, மாற்று வழி, அடுத்த செய்தி எப்போது என்ற ஆறும் இதில் அடங்கியுள்ளன. இவற்றுள் நேரத்தை மறந்தால் மற்றவை பயனற்றுப்போம். காலையில் மூடிய வீதி மாலையில் திறந்திருக்கும். திறந்ததைச் சொல்லாவிட்டால், மறுநாள் மூடியதைச் சொன்னாலும் சாரதி நம்பமாட்டான். தடை நீங்கிய செய்தியைத் தடையின் செய்தியைப் போலவே கருத்தோடு கூறுதல் வேண்டும். கொழும்பிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வரும் லொறிச் சாரதிகளுக்காக அதனைச் சிங்களத்திலும் ஒருமுறை கூறுவது நலம்.

மிகையாகச் சொல்வதும் தீங்கே. 1956 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ரயில் கவிழ்ந்தபோது, வைத்தியரும் தாதியரும் வருக என்று சிக்அலேர்ட் மூலம் அழைத்தனர். அழைப்பைக் கேட்டு வந்தோரின் வாகனங்களே வீதியை அடைத்துவிட்டன. எத்தனை பேர், எவ்விடத்துக்கு, எவ்வழியாக என்பதையும் கூறாத அழைப்பு உதவியையே இடையூறாக்கும்.

கைத்தொலைபேசி இருக்க வானொலி எதற்கு?

இளைஞர் இவ்வாறு கேட்பது இயல்பே. கைத்தொலைபேசியிலுள்ள வரைபடம் நெரிசலைக் காட்டும். எனினும் அது பல தொலைபேசிகளின் அசைவைக் கொண்டே நெரிசலைக் கணிக்கின்றது. நாளுக்குச் சில வாகனங்களே செல்லும் படுவான்கரை வீதியில் கணிப்பதற்கு ஆள் ஏது? வெறுமையான வீதி அதற்கு நல்ல வீதியாகவே தோன்றக்கூடும். காற்று மிகுந்து பாதை நின்றதை யாரேனும் சொன்னாலன்றி அது அறியாது. வண்டியோட்டும்போது அதனை நோக்குவதும் ஆபத்தே. மின்சாரம் நின்று கோபுரங்கள் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை அடித்தபின் தென்னிலங்கையில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனபோது, அம்பாந்தோட்டையிலிருந்து செய்தியனுப்பியவர்கள் பொழுதுபோக்கு வானொலியாளர்களே ஆவர்.

ஆயினும் தொலைபேசியை வானொலியின் பகையெனக் கொள்ள வேண்டியதில்லை. மதகடியில் நிற்பவரின் சொல்லை நிலையத்துக்குக் கொண்டுவருவது தொலைபேசி. நிலையத்திலிருந்து ஊரெங்கும் கொண்டுசெல்வது வானொலி. முன்னது ஒருவருக்கு ஒருவர் பேசும் கருவி. பின்னது ஒருவர் பலருக்குப் பேசும் கருவி. இரண்டும் கைகோத்தால் ஐந்து நிமிடத்துக்குள் வாவிக்கரை முழுவதும் ஒரு செய்தியை அறியும்.

நாம் செய்யத்தக்கது

கல்லடியில் 1924ஆம் ஆண்டில் எழுந்த பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள். மனிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய அவ்விரும்புப் பாலம் ஒடுங்கியது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும் வரையில், ஒரு திசை வாகனங்கள் கடக்க மறுதிசை வாகனங்கள் பொறுத்து நின்றன. அக்கரையில் என்ன வருகின்றது என்பதை அறிந்த பின்னரே இக்கரை வண்டி நகரும். அந்த ஒழுங்கு வாவிக்கரையாருக்குப் பழகியதே. ஒரு பாலத்தின் இருமுனைகளுக்கு இடையே இருந்த அந்த அறிவிப்பையும் பொறுமையையும் வாவியின் இருகரைகளுக்கும் விரித்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மாணவர்கள் தம் பாடசாலைக்குச் செல்லும் வழியிலுள்ள மதகுகளின் பட்டியலை எழுதலாம். எம்மழையில் எது முதலில் மூழ்குகின்றது என்பதை ஒரு மாரி முழுவதும் குறித்து வைக்கலாம். அக்குறிப்பேடு நாளை ஒரு நிலையம் எழும்போது அதன் முதல் மூலதனமாகும். தாய்மார், மழைநாளில் பிள்ளையை ஏற்றிச் செல்ல வரும் சாரதியிடம், "வழி எப்படி, கேட்டறிந்தீர்களா?" என்று வினவலாம். அவ்வினாவை நூறு வீடுகள் கேட்டால், விடை சொல்ல ஒரு வானொலி வந்தே தீரும். அடுத்த மாரிக்கு முன் அதனைக் கேட்கத் தொடங்குவோமாக.